எங்கட ஒழுங்கையை முட்டாக்கினது யார்?

"உங்கட ஒழுங்கை எங்கட புத்தகத்தில இல்லைத் தம்பி."

போன மாரியில் ஒரு அலுவலக மேசைக்கு முன்னால் நின்ற எங்களுக்குக் கிடைத்த பதில் இது. சொன்னவர் கெட்ட மனுசர் இல்லை. இருக்கச் சொன்னார், கோவையைத் திறந்து வரி வரியாக விரலை ஓட்டிக் காட்டினார். உண்மையாகவே இல்லை. பதினேழு வீடு, இரண்டு கிணறு, ஒரு சின்னப் பிள்ளையார், மூன்று தையல் மெசின், விடிய நாலு மணிக்கு எழும்புகிற ஒரு இடியப்பக்கார அக்கா, கணக்கில்லாத நாய்கள் எல்லாம் இருக்கிற எங்கட ஒழுங்கை அந்தக் கொப்பியில் இல்லை.

நாங்கள் கொங்கிறீட் ரோடு கேட்டுப் போகவில்லை. அதற்கு முந்தின கிழமை, மழை கொட்டின ஒரு இரவு, ஒழுங்கை முடிவில் இருக்கிற பெரியம்மாவுக்கு நெஞ்சு நோ வந்தது. 1990 க்கு அடித்தோம். அம்புலன்ஸ் கெதியாக வந்தது. ஆனால் ஒழுங்கை வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே வந்தால் திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் வெள்ளம், இருட்டில் ரிவேஸில் போகவும் ஏலாது. பிளாஸ்டிக் கதிரையில் பெரியம்மாவை இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். அவ பிழைத்துவிட்டா. அண்டைக்கு நாங்கள் நாலு பேரும் வீட்டில் இருந்தோம். இல்லாத ஒரு நாளில் வந்திருந்தால்?

அந்தக் கேள்வியோடதான் போனோம். ஒழுங்கை முடிவில் ஒரு வாகனம் திரும்புகிற அளவு இடம் எடுத்துத் தாங்கோ என்று கேட்டோம். பதில் மேலே இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த உத்தியோகத்தருக்கு எதிரானது இல்லை. வெளியே வரும்போது வரிசையில் நின்ற ஒரு ஐயா சொன்ன வசனத்துக்கு எதிரானது: "சனம் கண்டபடி வீட்டைக் கட்டிப்போட்டு இப்ப வந்து ரோடு கேக்குது." இந்தக் கதையை நாங்கள் சின்ன வயதில் இருந்து கேட்கிறோம். அலுவலகத்தில் கேட்கிறோம், பஸ்ஸில் கேட்கிறோம், எங்கட சொந்த மாமாமார் வாயாலேயே கேட்கிறோம். அந்தக் கதை முக்கால்வாசி பொய். மிச்சக் கால்வாசியையும் ஒளிக்காமல் பிறகு சொல்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை

முதலில் ஒன்று. இந்த நாட்டில் ஒழுங்கைக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்லேலாது. 1914 இல் கொழும்பில் பிளேக் வந்தது. அடுத்த வருடமே, 1915 இன் 19ம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் வந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத குச்சொழுங்கைகளில்தான் நோய் பரவுகிறது என்ற பயம் அந்தக் காலத்து ஆட்சியாளருக்கு இருந்தது. 1946 இல் நகர, கிராம திட்டமிடல் கட்டளைச்சட்டம். 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். 1986 இல் அதன் கீழ் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள். 1987 இல் பிரதேச சபைச் சட்டம். 2021 ஜூலையில் பழைய ஒழுங்குவிதிகளுக்குப் பதிலாகப் புதிய தொகுதி. நூறு வருடத்துக்கு மேலாக எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

எழுதினதும் மோசமில்லை. நகர அபிவிருத்திப் பிரதேசம் என்று பிரகடனம் செய்த இடங்களுக்கான 1986 விதிகளை எடுத்துப் பாருங்கள். வீட்டுக் காணித்துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. அதுதான் எங்கட ஆட்கள் சொல்கிற ஆறு பேர்ச் கணக்கு. ஒழுங்கை எத்தனை துண்டுக்குப் போகிறதோ, எவ்வளவு நீளமோ, அதற்கேற்ப அகலம் கூடவேணும். முட்டு ஒழுங்கையாக இருந்தால் முடிவில் வாகனம் திரும்ப இடம் விடவேணும். பிரிக்கிற காணி ஒரு ஹெக்டயருக்கு மேல் என்றால், ரோட்டைக் கழித்து மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு, பிள்ளைகள் விளையாட, ஒதுக்கவேணும்.

திரும்பவும் வாசியுங்கள். நாங்கள் மேசைக்கு முன்னால் நின்று பிச்சை மாதிரிக் கேட்டது, சட்டத்தில் காணி பிரிக்கும்போதே செய்திருக்க வேண்டிய வேலை. இது சலுகை இல்லை, நிலுவை.

வெட்டி விற்றவர் எங்கே?

அப்படியென்றால் எங்கட ஒழுங்கை எப்படி வந்தது? யுத்தம் முடிந்த பிறகு இந்தப் பக்கம் காணி விலை ஏறினது எல்லாருக்கும் தெரியும். பெரிய துண்டை வாங்கி, ஒரு சேர்வேயரைக் கூட்டி வந்து, நடுவால் பத்தடிப் பாதை ஒன்றைக் கீறி, இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர்ச்சாக வெட்டி விற்கிறது ஒரு தொழிலாகவே வந்தது. தகரப் பலகையில் "தண்ணி, கரண்ட், பாதை வசதி உண்டு" என்று எழுதுவார்கள். பாதை உண்டுதான். அது கடைசித் துண்டின் வேலியோடு முட்டி நிற்கும். திரும்புகிற இடத்துக்கு மூன்று நாலு பேர்ச் விட்டால் அந்த மூன்று நாலு பேர்ச்சின் விலை போய்விடும். அதனால் விடமாட்டார்கள்.

பத்தில் ஒரு பங்கு விதிக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு ஹெக்டயர் என்பது ஏறக்குறைய 395 பேர்ச். அதற்குக் குறைவாகத் துண்டாக்கி, இந்த வருடம் கொஞ்சம், அடுத்த வருடம் கொஞ்சம் என்று விற்றால் விளையாட்டுத் திடலுக்கு ஒரு பேர்ச்சும் விடத்தேவையில்லை. கடைசியில் பார்த்தால் நாலு முட்டு ஒழுங்கை, பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுக்கொன்று கதவில்லாமல். இந்த ஒழுங்கையில் இருந்து அந்த ஒழுங்கைக் கூட்டாளி வீட்டுக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து லொறிக்கு நடுவால் சைக்கிள் ஓடவேணும். மதிலுக்கு மேலால் கதைத்தால் இருபதடி.

விற்றவர் காசை எண்ணிக்கொண்டு போய்விட்டார். பாதையைப் பிரதேச சபைக்கு எழுதிக் கொடுக்கவும் இல்லை. சபைக்குக் கையளிக்காத பாதை சபையின் கொப்பியில் ஏறாது. கொப்பியில் ஏறாத பாதைக்கு வடிகான் இல்லை, லைட் இல்லை, கிறவல் இல்லை. வாங்கினவர் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் சட்டம் நித்திரையால் எழும்புகிறது. "ரோட் அகலம் காணாது, பின்னுக்குத் தள்ளிக் கட்டு." ஆறு பேர்ச்சில் பின்னுக்குத் தள்ளினால் குசினி போகும்.

எங்கட முதல் குற்றச்சாட்டு இதுதான்: சட்டம் விற்கிறவனைப் பிடிக்கவேண்டிய இடத்தில் நின்று வாங்கினவனைப் பிடிக்கிறது. விற்கிறவர் ஒருவர். காணி பதியும்போதே, பிளான் அங்கீகரிக்கும்போதே மறிக்கலாம். வாங்கினவர்கள் பதினேழு குடும்பம். சுகமான வேலையை விட்டுவிட்டுக் கஷ்டமான வேலையை ஏன் செய்கிறீர்கள்? மறுமொழி எங்களுக்குத் தெரியும். பதினேழு குடும்பத்துக்கும் ஆள் தெரியாது.

வேலி போட்டவர் எங்கே?

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடப் பெரியது. சீனன்குடாவில் எல்லா முட்டு ஒழுங்கையும் காணி விற்றவர் செய்தது இல்லை. இந்த ஊர் வேலிக்கு நடுவில் இருக்கிற ஊர். ஒரு பக்கம் விமானப்படை. ஒரு பக்கம் ரயில் பாதை. காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள். கரையோரம் மாவு ஆலை, சீமெந்து ஆலை. இவற்றைச் சுற்றித் துறைமுக அதிகார சபையின் பெயரில் கிடக்கிற பல ஆயிரம் ஏக்கர். எங்கட ஒழுங்கையும் ஒரு அரச காணியின் முள்ளுக்கம்பியில்தான் முட்டுகிறது. அம்மம்மாவைக் கேட்டால் "அப்ப அதுக்குள்ளால நடந்துதான் குடாக்கரைக்குப் போறனாங்கள்" என்பா. அவவின் காலத்தில் அது முட்டு ஒழுங்கை இல்லை. வழி. வழியை வெட்டினால் மிஞ்சுகிறதுதான் முட்டு.

எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். வெள்ளைக்காரன் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னம் கட்டினது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். இண்டைக்கு மிஞ்சி நிற்கிறது 99 தாங்கி. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரித்தார்கள். ஒவ்வொரு தாங்கிக்கும் இலக்கம் இருக்கிறது, அது யாருக்கு என்று கடதாசி இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற எங்கட ஒழுங்கைக்கு ஒரு இலக்கம் இல்லை. தீ பிடித்தால் தாங்கிக்குப் போக வழி இருக்கும் என்று நம்புகிறோம். எங்கட வீட்டுக்கு வர வழி இல்லை.

"வலயம்" என்ற சொல்லை நகரத் திட்டமிடல் படித்தவர்கள் நல்ல சொல்லாகச் சொல்வார்கள். இந்த மாவட்டத்தில் அது எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரம் வீடு கட்டக்கூடாது என்று தடை வலயம் போட்டார்கள். தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். அலைக்கு இனம் தெரியாது, நாடாவுக்குத் தெரிந்திருந்தது. ஹோட்டலுக்கு விலக்கு இருந்தது, மீன்பிடிக்கிறவரின் குடிலுக்கு இல்லை. பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனை குடும்பம் தகரக் கொட்டிலில் காலம் கழித்தது?

அடுத்தது சம்பூர். 2006 இல் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினது. 2012 இல் 818 ஏக்கரைக் கனரக கைத்தொழிலுக்கான விசேட வலயம் என்று வர்த்தமானி போட்டார்கள். வீடு இருந்த இடம், கோயில் இருந்த இடம், ஒழுங்கை இருந்த இடம் எல்லாம் ஒரு தாளில் தொழிற்சாலை வலயம். 2015 இல் அந்த வர்த்தமானியை ரத்துச் செய்த பிறகுதான் சனம் திரும்பப் போனது. ஒரு கையெழுத்தால் ஊர் வலயமாகலாம், இன்னொரு கையெழுத்தால் வலயம் ஊராகலாம் என்றால், நடுவில் போன ஒன்பது வருடத்துக்கு யார் பொறுப்பு?

எங்களுக்குக் கிட்ட முத்துநகர். துறைமுகத்துக்கு என்று 1984 இல் எழுதப்பட்ட காணி. அதில் தலைமுறையாக வயல் செய்தவர்கள் 2025 இல் சூரியமின் திட்டத்துக்காக வெளியேற்றப்பட்டு, கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சூரியமின் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வரைபடத்தில் வெறுமையாகத் தெரிகிற இடம் எல்லாம் வெறுங்காணி இல்லை என்றுதான் சொல்கிறோம்.

ஆக, பத்துப் பேர்ச் காணிக்காரர் மதிலை ஒரு அடி தள்ளினால் அத்துமீறல். ஆயிரம் ஏக்கருக்கு வேலி அடித்து ஒரு ஊரின் வழியை வெட்டினால் அபிவிருத்தி. நாங்கள் விதிக்கு எதிரானவர்கள் இல்லை. விதி கீழ் நோக்கி மட்டும் பாய்கிறதுக்கு எதிரானவர்கள்.

எங்கட கால்வாசி

சொன்னபடி எங்கட பிழையையும் சொல்கிறோம். எங்கட ஒழுங்கை கடதாசியில் பத்தடி. நாங்கள் நாடா பிடித்துப் பார்த்தோம். ஒரு இடத்தில் எட்டடி இரண்டு அங்குலம். மதிலை வெளியால் தள்ளினது அரசாங்கம் இல்லை, எங்கட அப்பாமார்தான். கதியால் வேலி இருந்த காலத்தில் ஓட்டோ வந்தால் வேலி வளைந்து கொடுக்கும். வெளிநாட்டுக் காசு வந்து கதியால் போய் மதில் வந்ததும் வளைகிறதுக்கு ஒன்றும் இல்லை. கேற்றுக்கு முன்னால் கட்டின சரிவுப்படி, பூச்சட்டி, மழைக்கு நிறுத்தின உழவு இயந்திரப் பெட்டி எல்லாம் சேர்ந்துதான் அம்புலன்ஸை வாசலில் மறித்தது.

இதைச் சொன்னதுக்கு ஒரு மாமா எங்களோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. பரவாயில்லை. மூன்று வீட்டார் சரிவுப்படியை உடைத்துவிட்டார்கள். முடிவில் இருக்கிற காணிக்காரர் மூலையை வட்டமாக வெட்டித்தரச் சம்மதம் என்கிறார். அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று: "நான் தாறன் பிள்ளையள், ஆனா அதை யார் பதியிறது?" சனம் ஒழுங்கில்லாதது என்று சொன்ன அந்த ஐயாவுக்கு இந்தக் கேள்வியைக் காணிக்கையாக்குகிறோம்.

வெளியில் எப்படி?

முட்டு ஒழுங்கை பிறப்பிலேயே கெட்டது இல்லை. இங்கிலாந்தில் பழைய உப விதிகள் அதை விரும்பவில்லை. 1906 இல் லண்டனுக்குப் பக்கத்தில் ஹம்ஸ்டெட் தோட்டப் புறநகரைக் கட்டினபோது, அந்த விதிகளில் இருந்து விலகிக் கட்டுவதற்கென்றே பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் எடுத்தார்கள். 1929 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ராட்பேர்ன் என்ற குடியிருப்பில் வீடுகளை முட்டுத் தெருக்களைச் சுற்றி அமைத்தார்கள். ஆனால் வாகனத்துக்குத்தான் முட்டு. வீடுகளின் மற்றப் பக்கத்தால் நடைபாதை ஓடி எல்லாவற்றையும் பூங்காவோடும் பள்ளிக்கூடத்தோடும் இணைத்தது. பிறகு வந்த வியாபாரிகள் முட்டை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். எங்கட காணி வியாபாரிமாரும் அவர்களின் வாரிசுதான். 2009 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலம், பக்கத்து இடங்களோடு இணையாமல் முட்டாகவே கட்டுகிற புதுக் குடியிருப்புகளின் தெருவை அரசு பராமரிக்காது என்று விதி போட்டது. வாங்கினவனை விட்டுக் கட்டுகிறவனின் கழுத்தில் கை வைத்த விதி.

எங்கட பக்கத்துக்கு வருவோம். கொழும்புக்கு 1921 இல் நகரத் திட்ட அறிக்கை எழுதின பற்றிக் கெடிஸ், அதற்கு முன்னம் 1915 வாக்கில் தமிழ்நாட்டு ஊர்களையும் நடந்து பார்த்தவர். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் பழைய தெருக்களை இடித்து நேர்கோட்டு ரோடு போடுகிற திட்டம் ஒன்று இருந்தது. அவர் அதை மறுத்தார். இடிந்த வீடு ஒன்றை இங்கே எடு, ஒரு மூலையை அங்கே வெட்டு, இரண்டு சந்தை இணை, மிச்ச இடத்தில் மரம் வை என்றார். செலவும் குறைவு, வீடிழப்பவரும் குறைவு. நூறு வருடத்துக்கு முன்னம் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் தஞ்சாவூரில் நடந்து பார்த்துச் சொன்னதை, இண்டைக்கு எங்கட ஒழுங்கையில் நடந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வரவில்லை. 2017 இல் திருகோணமலைக்கான பெரும்திட்டத்தை வரைகிற வேலை சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனத்திடம் போனது. சிங்கப்பூர்க்காரர் வரைவதில் எங்களுக்குக் கோபம் இல்லை. எங்கட ஒழுங்கை வழியாக ஒருத்தரும் நடக்காமல் வரைவதில்தான் கோபம்.

இன்னொன்று. வதிவிட வலயம் என்றால் வீடு மட்டும், கடை கண்ணி கூடாது என்று யாராவது வரைந்துகொண்டு வந்தால் அதையும் எதிர்ப்போம். அமெரிக்காவில் 1926 இல் யூக்ளிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலயமாக்கலை ஏற்றபோது, தனி வீட்டுக்காரரின் தெருவில் மாடிக் குடியிருப்பையே ஒட்டுண்ணி மாதிரிப் பார்த்தது. எங்கட இடியப்பக்கார அக்கா யாருக்கும் ஒட்டுண்ணி இல்லை. விடிய நாலு மணிக்கு அவவின் அடுப்பு எரிகிறதால்தான் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுப் போகிறார்கள். ஒழுங்கைக்குள் வரக்கூடாதது சீமெந்து லொறியும் மணல் டிப்பரும்தான். தையல் மெசின் இல்லை.

நாங்கள் கேட்கிறது

ஒன்று: சபை தன் எல்லைக்குள் இருக்கிற எல்லா ஒழுங்கையையும் நடந்து எண்ணட்டும். பதிந்தது, பதியாதது என்று இரண்டு பட்டியல், தமிழிலும் சிங்களத்திலும், சுவரில் ஒட்டட்டும்.

இரண்டு: காணி பிரிக்கிறவர் பாதையையும் திரும்புகிற இடத்தையும் சபைக்கு எழுதிக் கொடுக்கும்வரை ஒரு துண்டும் விற்கக்கூடாது. பக்கத்துப் பக்கமாகத் துண்டு துண்டாக விற்றால் மொத்தத்தையும் ஒரே காணியாகக் கணக்கெடுத்துப் பத்தில் ஒரு பங்கை எடுக்கவேணும்.

மூன்று: அரச வேலிகளால் முட்டின ஒவ்வொரு ஒழுங்கைக்கும், முடியுமான இடத்தில் ஆறடி நடைவழி திறக்கவேணும். முடியாத இடத்தில் ஏன் முடியாது என்று எழுத்தில் தரவேணும்.

நான்கு: இருக்கிற வீடுகளை இடித்து ரோடு அகலமாக்காமல், மூலை வெட்டி, தரக்கூடியவர் தருகிற இடத்தைச் சபை செலவில் பதியவேணும்.

ஐந்து: எந்த வலய வரைபடமும் இறுதியாகிறதுக்கு முன்னம் எங்கட வாசிகசாலையில், எங்கட மொழியில், ஆள் வந்து விளக்கவேணும்.

2023 மார்ச்சில் இருந்து 2025 மே தேர்தல் வரைக்கும் உள்ளூராட்சி சபைகளில் தெரிவான ஆள் இல்லை, யாரிடம் கேட்பது என்று சொல்லிக்கொண்டு இருந்தோம். இப்ப ஆள் இருக்கிறது. சாட்டு இல்லை. அவர்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

எங்கட ஒழுங்கையின் படத்தை நாங்களே கீறிவிட்டோம். நாடா, கொப்பி, ஒரு போன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. பதினேழு வீடும், எட்டடி இரண்டு அங்குல இடமும், பிள்ளையாரும், கம்பி வேலியும் அதில் இருக்கிறது. 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் எழுதியிருக்கிறோம்: எங்கட காணியைப் பிரித்த பிளானை யார், எந்த நிபந்தனையில் அங்கீகரித்தது? இதை வாசிக்கிற நீங்கள் கப்பல்துறையிலோ, வெள்ளைமணலிலோ, பாலையூற்றிலோ இருந்தால் உங்கட ஒழுங்கையையும் அளந்து கீறுங்கோ. நாடா இல்லாவிட்டால் எங்களிடம் ஒன்று இருக்கிறது, இரவல் தருவோம்.

அடுத்த மாரிக்கு இன்னும் சில மாதம்தான் இருக்கிறது. பெரியம்மா இப்பவும் அந்தக் கடைசி வீட்டில்தான் இருக்கிறா. அந்தப் பிளாஸ்டிக் கதிரையைக் கழுவி விறாந்தையில் வைத்திருக்கிறோம்.